நூறுக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய்

இந்த மில்லில் இருக்கும் தெர்மாமீட்டர் பொய் சொல்கிறது. பொய் சொல்வதற்காகவே அதை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

காலையில் நாகஜோதி என் முதலுதவி அறைக்கு வந்தாள். ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினில் அறுந்த நூலை ஒட்டும் வேலை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு. கையைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்று புள்ளி எட்டு.

"காலையில ஹாஸ்டல் வாசல்ல பாக்கலியா?"

"பாத்தாகளேக்கா. தொண்ணூத்தெட்டுன்னு உள்ள அனுப்பிட்டாக."

ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் ஹாஸ்டல் வாசலில் வார்டன் விசாலாட்சி நின்றுகொண்டு, வரிசையாக வரும் பெண்களின் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரியான ஒரு தெர்மாமீட்டரை நீட்டுவார். நூறும் அதற்கு மேலும் என்றால் படுக்கை. நூறுக்குக் கீழே என்றால் மெஷின். வேறு யார் எதை வைத்துப் பார்த்தாலும் செல்லாது. மூன்று மாதத்துக்கு முன் நான் நர்ஸாகச் சேர்ந்த அன்றே எச்.ஆர். மேனேஜர் சம்பத்குமார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அக்குள்ல வெங்காயத்த வெச்சுட்டு வந்துருவாளுங்க சிஸ்டர். வாயில வெச்சீங்கன்னா சுடுதண்ணியக் குடிச்சுப்போட்டு வருவாளுங்க. நெத்தி மட்டுந்தானுங்க ஏமாத்தாது."

நாகஜோதிக்கு மாத்திரை கொடுத்தேன். "அவ மெஷின் சைடு சும்மா கெடக்கு" என்று சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். போனாள்.

அந்தத் துப்பாக்கியை அம்பலப்படுத்தாமல் விடமாட்டேன்.

ஜூன் 4, புதன்

முதலில் வெங்காயம். கேன்டீனில் ஒரு பெரிய வெங்காயம் வாங்கி, பாதியாக நறுக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டுதான்.

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. காய்ச்சல் வரவில்லை. கேன்டீன் வாசனை வந்தது. மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட டைம் ஆபீஸ் பெண் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மில்லின் சட்டமே ஒரு வெங்காயத்தின் மேல் நிற்கிறது. அதுவும் புளுகு.

ஜூன் 6, வெள்ளி

என்னிடம் இருப்பவை இரண்டு. பயிற்சிக் காலத்தில் வாங்கிய பாதரசத் தெர்மாமீட்டர், மில் கொடுத்த டிஜிட்டல். இவை சரியாகக் காட்டுகின்றன என்று எனக்கு யார் சொன்னது? நான் துப்பாக்கியைப் பொய் என்று சொன்னால், அவர்கள் என்னுடையதைப் பொய் என்பார்கள். மூன்றையும் வைத்துப் பார்க்க நம்பகமான நான்காவது ஒன்று வேண்டும்.

அது இங்கேயே இருக்கிறது. நூல் சோதிக்கும் லேபில். ரியாஸ் என்ற இளைஞர் பொறுப்பாளர். பஞ்சுப் பெட்டி மாதிரியான ஒரு பெட்டியைத் திறந்து நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினார். வருடா வருடம் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்குகிறார்களாம்.

"எதுக்கு இவ்வளவு கவனம்?"

"ஷெட்ல சூடோ ஈரப்பதமோ கொஞ்சம் மாறினாக்கூட நூல் அறுந்துரும் சிஸ்டர். ரொம்ப நாசூக்கான பொருள்."

நூலுக்குச் சான்றிதழ். நூலைப் பிடிக்கும் கைக்கு மூன்று மாதமாக பேட்டரிகூட மாற்றாத துப்பாக்கி. இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"உடைச்சிராதீங்க. உடைஞ்சா நானும் உங்க ரூம்லதான் படுக்கணும்."

கொண்டுவரும் வழியில் ஷெட்டுக்குள் போனேன். தூண் ஒன்றில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்றின் அடியில் நனைந்த துணி சுற்றியிருந்தது. ஒரே காற்று, ஒரே தூண். காய்ந்தது தொண்ணூற்றிரண்டு காட்டியது, நனைந்தது எழுபத்தொன்பது. ஈரப்பதம் பார்க்க என்றார்கள். வேடிக்கையாக இருந்தது. நாகஜோதி தூரத்தில் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். நடை கொஞ்சம் தள்ளாடிய மாதிரி இருந்தது. கூப்பிடலாம் என்று நினைத்தேன். கையில் கண்ணாடி இருந்தது.

ஜூன் 7, சனி

சோதனை.

எவர்சில்வர் தூக்கில் வெந்நீர். பச்சைத் தண்ணீரைக் கலந்து கலந்து சூட்டைக் காய்ச்சலுக்குச் சமமாகக் கொண்டுவந்தேன். கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. லேபின் கண்ணாடி முப்பத்தொன்பது செல்சியஸ் காட்டும்போது என் பாதரசம் நூற்றிரண்டு புள்ளி இரண்டு. கணக்குப் போட்டால் அச்சு அசலாக அதுதான். டிஜிட்டல் நூற்றிரண்டு. சூட்டை மாற்றித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டும் யோக்கியம்.

துப்பாக்கியை வார்டனிடம் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்தேன். அதைத் தண்ணீரில் பார்க்க முடியாது. ரியாஸ், டைம் ஆபீஸ் பெண், ஷிப்ட் முடிந்து என் அறையில் இளைப்பாறிக்கொண்டிருந்த பெண்கள், நான். வாயில் ஒன்று, நெற்றியில் ஒன்று. நாகஜோதியும் இருந்தாள். அவளுக்கு வாயில் நூற்றொன்று, நெற்றியில் நூறு புள்ளி ஆறு.

துப்பாக்கி சரியாகக் காட்டுகிறது!

நாலைந்து முறை பார்த்துவிட்டேன். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசமே இல்லை. தூக்கைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். பாதி என் செருப்பில்.

"என்னக்கா கோவம்? கருவி நல்லதுன்னா நல்லதுதானேக்கா?" என்றாள் நாகஜோதி.

"அப்ப காலையில எப்படி உனக்குத் தொண்ணூத்தெட்டு காட்டுச்சு?"

"எனக்கென்னக்கா தெரியும். காலையில காச்சல் குறைஞ்சிருக்குமோ என்னமோ."

ஜூன் 9, திங்கள்

நான் சோதித்தது எச்.ஆர். காதுக்குப் போய்விட்டது. திட்டுவார் என்று போனேன். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"இதத்தானுங்க வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டர் போன தடவ கேட்டாரு. தெர்மாமீட்டரெல்லாஞ் சரிபாக்கறீங்களான்னு. அதக் கொஞ்சம் எழுத்துல குடுத்துருங்க."

"கருவி சரிதான் சார். ஆனா வாசல்ல ஏதோ தப்பு நடக்குது."

"தப்புன்னா கண்டுபுடிங்க. யாரு வேண்டாங்கறாங்க? கண்டுபுடிச்ச வரைக்கும் எழுதுங்க."

எழுதினேன். 'மூன்று தெர்மாமீட்டர்களையும் சோதித்துப் பார்த்தேன். அனைத்தும் சரியாக உள்ளன.' உண்மைதான். கையெழுத்து, பதிவு எண், சீல்.

"அழகா எழுதறீங்க சிஸ்டர்."

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். அரசு நர்ஸ் பணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்துவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி சென்னையில்.

"அசலெல்லாம் கையில இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். எல்லாம் எச்.ஆர். பீரோவில் இருக்கிறது. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஜூன் 11, புதன்

வார்டன் என் தாளை ஹாஸ்டல் வாசலில் ஒட்டியிருக்கிறார். கண்ணாடிக் காகிதம் போட்டு, நான்கு மூலையிலும் டேப்.

நாகஜோதி மதியம் வந்தாள். நாக்கு வெள்ளையாக இருந்தது. சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டால் சிரிக்கிறாள். வாயில் நூற்றிரண்டு புள்ளி நான்கு.

"வாசல்ல?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு. நான் வார்டனம்மாகிட்ட முடியலன்னு சொன்னேன்க்கா. இந்தா பாருடி, நர்சே கையெழுத்துப் போட்டிருக்கு, இந்த மிஷின் தப்புச் சொல்லாதுன்னு சொல்றாக."

"நான் அப்படி எழுதல."

"ஒட்டியிருக்கேக்கா."

அவளை உட்காரச் சொன்னேன். இதை நிரூபிக்க வேண்டும், நாளைக்கே நானே வாசலில் வந்து பார்க்கிறேன், எங்கே தவறு நடக்கிறது என்று பிடித்துவிடுவேன் என்றேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏங்கக்கா, இம்புட்டும் பண்றீகளே. இவளுக்குக் காச்சல், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு நீங்க வாயத் தொறந்து சொன்னாப் போதாதா?"

அவளுக்குப் புரியாது. ஆதாரம் இல்லாமல் போய் நின்றால் இவர்கள் மதிப்பார்களா?

ஜூன் 12, வியாழன்

பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் தொடங்கும் அரைநைட் ஷிப்டுக்கு முன்னால் ஹாஸ்டலுக்குப் போனேன். வாசலுக்கு இந்தப்புறம் வரிசையாகக் குழாய்கள். வார்டன் குரல் மாடி வரைக்கும் கேட்டது.

"மூஞ்சியக் கழுவிட்டு வாங்கடி! கழுவாம எவளும் என் முன்னால நிக்கக் கூடாது. துடைக்காத, துடைக்காதங்கிறேன்ல! துண்டுக்குள்ள என்னத்த வச்சிருக்கியோ?"

வரிசையாகக் கழுவினார்கள். நெற்றியில் நீர் வழிய வழிய வந்து நின்றார்கள். வாசலில் மேலே ஒரு பெரிய சுவர் மின்விசிறி. அதன் காற்றில் நின்றபடி ஒவ்வொருத்திக்கும் துப்பாக்கி.

"எதுக்கு வார்டனம்மா மூஞ்சி கழுவச் சொல்றீங்க?"

"அது பெரிய கத நர்சம்மா. போன தீபாவளிக்கு ஒருத்தி சுடச்சுட டீ டம்ளர நெத்தியில வச்சுத் தேச்சுட்டு வந்து நின்னா. நூத்திமூணு! பஸ் ஏத்தி விட்டோம். ஊருல போயி ராட்டினம் சுத்தியிருக்கா. போட்டோவப் போட்டுட்டா கழுத. அன்னையிலருந்து கழுவாம நான் யாரையும் நம்புறதில்ல."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அவ பேரச் சொல்லு வார்டனம்மா, பொறந்தநாளுக்கு டம்ளர் வாங்கித் தருவோம்" என்று ஒருத்தி கத்தினாள். நாகஜோதி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஷெட்டுத் தூணில் தொங்கிய இரண்டு குழாய்கள் ஞாபகம் வந்தன. நனைந்த துணி சுற்றியது குறைத்துக் காட்டும். ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இந்த மில்லில் எல்லோருக்கும் இது தெரியும். நூலுக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

என்னை வைத்தே பார்த்தேன். காய்ந்த நெற்றி தொண்ணூற்றெட்டு. கழுவிவிட்டு விசிறிக்குக் கீழே நின்றால் தொண்ணூற்றைந்து. நாகஜோதியை வரிசையிலிருந்து இழுத்து, துடைத்து, உள்ளே உட்கார வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் தொண்ணூற்றொன்பது காட்டியவள் காய்ந்ததும் நூற்றிரண்டு.

"பாத்தீங்களா வார்டனம்மா!"

வார்டன் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எச்.ஆர். சார் வந்து சொல்லட்டும். எனக்கு ஈரத்துல காட்டுறதுதான் கணக்கு. ஏய் நாகஜோதி, பஸ்ஸு மாதிரி நிக்காத, நட."

நடந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

எச்.ஆர். அறை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். கத்துகிற மனிதனோடு சண்டை போடலாம்.

"அப்ப கருவி சரிதானுங்களே சிஸ்டர்?"

"கருவி சரி சார். நெத்திதான் ஈரம்."

"மூஞ்சி கழுவறது சுத்தமுங்க. ஆடிட்டரே பாராட்டிட்டுப் போனாரு."

"கழுவட்டும். துடைச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாருங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"இருக்கற புள்ளைங்க அத்தனையும் உக்கார வெச்சா மெஷின் யாரு ஓட்டறது? நீங்க வந்து ஓட்டறீங்களா?"

"நாகஜோதிய மட்டுமாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. டைபாய்டா இருக்கும்னு நினைக்கிறேன். ரத்தம் பார்க்கணும்."

"ஒருத்திய அனுப்பினா நாளைக்கு நாப்பது பேரு வந்து நிப்பாளுங்க. உங்களுக்குத் தெரியாதுங்க, நான் இருவது வருசமா பாத்துட்டிருக்கறன்."

எழுந்தேன். கதவு வரை போனதும் பின்னாலிருந்து குரல்.

"வெரிஃபிகேசன் வந்திருக்குதாமுல்ல? சந்தோசமுங்க. அசலெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்குது."

நான் இதை அவரிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 14, சனி

பஞ்சு, டிங்க்சர், பேண்டேஜ் வந்தன. அடுக்கினேன். லேப் தெர்மாமீட்டரை ரியாஸிடம் திருப்பிக் கொடுத்தேன். உடையவில்லை.

ஜூன் 16, திங்கள்

முழுநைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நாகஜோதி மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். நான் காலையில் வரும்போது என் அறைக் கட்டிலில் கிடந்தாள். அக்குளில் நூற்று நான்கு. ஏதேதோ பேசினாள். நூல் அறுந்திருக்கு, அறுந்திருக்கு என்றாள்.

மில் வண்டி கேட்டேன். எச்.ஆர். போனில் சொன்னார்: "அவங்கப்பாவுக்குச் சொல்லியாச்சுங்க. வந்து கூட்டிட்டுப் போவாரு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்." நெற்றியிலும் கழுத்திலும் ஈரத் துணி போட்டேன். நனைத்துப் பிழிந்து மறுபடி மறுபடி. வேறென்ன செய்ய? செல்லில் நூற்றெட்டை அழுத்தி வைத்திருந்தேன். பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும். அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார்.

அவர் வந்தது மதியத்துக்கு மேல்.

ஒல்லியான மனிதர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். வார்டனும் எச்.ஆரும் வாசலில் நின்றார்கள்.

"நர்சம்மா, புள்ளைக்கு நெசமாவே காச்சலாம்மா? நடிக்கிறா, வந்து கூட்டிட்டுப் போன்னு போன்ல சொன்னாகளே."

எச்.ஆர். தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அதற்கு மேல் என்ன வேண்டும்? கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அவர் மகளைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டில் செக்யூரிட்டி அவள் பையைத் திறந்து பார்த்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த ஊரில் எல்லோரும் கூட்டுக் களவாணிகள். வார்டன், சூப்பர்வைசர், ஆடிட்டர், சட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிற வெளிநாட்டுக்காரன் வரைக்கும். ரியாஸ்கூட. அவருக்குத் தெரியாதா ஈரம் என்ன செய்யும் என்று? வாயைத் திறந்தாரா?

மாலையில் எச்.ஆர். கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசினோம்.

ஜூன் 19, வியாழன்

அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, டிப்ளமோ, கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ். ஒன்றும் குறையவில்லை. ஒரு மூலைகூட மடங்கவில்லை.

ஹாஸ்டல் வழியாக வந்தேன். தாள் அங்கேயேதான் இருக்கிறது. இந்த மாதம் முடியும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எழுதியிருப்பது பொய் இல்லையே. கருவிகள் சரியாகத்தான் இருக்கின்றன.

பெண்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நர்சக்கா, நாகஜோதி எப்படி இருக்கா?" என்றாள். விசாரிக்கிறேன் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

சென்னை. சரிபார்ப்பு முடிந்தது. வெயில்.

ஜூன் 26, வியாழன்

பாதரசத் தெர்மாமீட்டரை உதறும்போது மேஜை விளிம்பில் பட்டு உடைந்துவிட்டது. சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டிலுக்கடியில் ஓடின. அட்டையால் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். முழுதும் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

நாகஜோதியிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் செய்தி. புது நம்பர். சித்தி போனாம். குரல் அடையாளமே தெரியவில்லை, நூல் மாதிரி இருந்தது.

"நர்சக்கா, நான் நாகஜோதி. அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். டைபாய்டாம். கொடல்ல புண்ணாகிருச்சாம், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்னு டாக்டர் அப்பாவ வையுறாக. இப்பப் பரவாயில்லக்கா. கஞ்சி குடிக்கிறேன்."

அடுத்தது.

"அப்பா மில்லுக்குப் போன் போட்டாரு. சுகமாகி வந்தா வேலை இருக்கான்னு கேட்டதுக்கு, அது நல்லா இருக்கும்போதே சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போன புள்ள, எடுக்க மாட்டோம்னுட்டாக. காச்சல்ல விழுந்தவன்னு அப்பா சொன்னதுக்கு, காச்சலே இல்ல, எங்க நர்ஸே மிஷின சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்குன்னு அந்தத் தாள போட்டோ எடுத்து அனுப்பிட்டாகக்கா. ஊருல எல்லாரும் பாத்துட்டாக. நான் நடிச்சேன்னு சித்தியே சொல்லுது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு நடிப்பாகளாக்கா?"

சிரித்தாள். இருமினாள்.

"ஒரே ஒரு வரி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா. மில்லுல இருந்தப்பவே இவளுக்குக் காச்சல் இருந்துச்சு, நான் பாத்தேன்னு. உங்க பேரு, சீலு. நீங்கதானே பாத்தீக. வேற யாரும் பாக்கலியே."

கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். நியமன உத்தரவு வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். அதற்கு முன் இங்கே மில்லில் விசாரிப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உறையில் வைத்தேன். மறுபடி எடுத்துத் துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. இந்த முறை எழுத்தில்.

"டிக் நீலமாயிருச்சுக்கா. கேட்டுட்டீக. எழுதித் தருவீகளா மாட்டீகளா?"

அதற்குக் கீழே, சற்று நேரம் கழித்து:

"சொல்லு."